அண்ணன் கொடுத்த தோட்டம்

பத்தொன்பது ஆண்டுகளாக அந்தத் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை வைக்கச் சொல்லி மாநகராட்சியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வைத்தவர், தெருப் பலகை எழுதும் பெயின்டர். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பலகை'தான்.

நகரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் தெருக்கள். பாதிக்கு மேல் அவர் கைப்பட எழுதியவை. பலகை ஏற்றிப்போகும் வண்டியில் உட்கார்ந்து, எந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே வருவார். மில் முதலாளி பெயரில் ஒன்று. தூர்த்த குளத்தின் பெயரில் ஒன்று. பழைய மேயரின் மாமியார் பெயரில் மூன்று.

"மூணுமே முட்டுச்சந்துப்பா. மாப்பிள்ளைக்கு என்ன கோவமோ!"

தன் அண்ணன் பெயருள்ள தெரு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

அண்ணன் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கூலி. அந்தத் தெருவில் கழிவுநீர்க் குழாய் பதிக்க இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியபோது மண் சரிந்தது. உடலை எடுக்க நாலு மணி நேரம் ஆயிற்று. ஒப்பந்தக்காரர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். அன்றைக்கு அப்படி ஓர் ஆள் வேலைக்கே வரவில்லையாம். மாநகராட்சியும் அப்படியே எழுதிக்கொண்டது.

மூன்று மாதம் கழித்துப் புதுப் பலகைகளுக்கான பட்டியல் வந்தது. அந்தத் தெருவுக்கு நேரே 'பெயர் பின்னர்' என்று போட்டிருந்தது. நீலம் பூசிய பலகை காய்ந்து கிடந்தது. பெயின்டர் வெள்ளை எனாமலில் அண்ணன் பெயரை எழுதி, தானே கொண்டுபோய் மாட்டினார். யாரும் கேட்கவில்லை. தபால்காரருக்குப் பழகிப்போனது. மின் ரசீதில் ஏறியது. வீட்டுப் பத்திரங்களில் ஏறியது.

போன புதன்கிழமைதான் கேட்டார்கள். புதிய கவுன்சிலர் தன் அப்பா பெயரை அந்தத் தெருவுக்கு வைக்க மனுப் போட்டிருந்தார். வார்டு அலுவலகத்தில் விசாரணை. தெருக்காரர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் பெயின்டரின் அண்ணி.

"இப்ப இருக்கிற பேரு யாரோடது? ஃபைல்ல ஒண்ணுமே இல்லையே," என்றார் அதிகாரி. "ஆதாரம் இல்லேன்னா மாத்திடுவோம்."

"ஐயோ சார், பாஸ்போர்ட், பேங்க், பத்திரம் எல்லாத்தையும் மாத்தணுமே! மருமகன் இப்பத்தான் விசாவுக்குக் குடுத்திருக்காரு," என்று ஓர் அம்மா பதறினார்.

தெருக்கோடி வீட்டுக்காரர் எழுந்தார். "யாரோடதுன்னா கேக்கறீங்க? பெரிய நிலக்காரர் சார். இந்தத் தெருவே அவரோட தோட்டம். ஏழைங்களுக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"ஆமா சார், குதிரை வண்டியிலதான் வருவாரு," என்றார் மருந்துக் கடைக்காரர். அவர் அந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறு வருடம்.

அதிகாரி எழுதிக்கொண்டே சுவரோரம் நின்ற பெயின்டர் பக்கம் திரும்பினார். "யோவ் பலகை, நீதானே எழுதினது? எந்த உத்தரவுல எழுதினே?"

உள்ளதைச் சொன்னால் பெயர் அன்றே போய்விடும். ஓய்வூதியமும் தொங்கலில் நிற்கும். பெயின்டர் அண்ணியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட்ல இருந்தது சார்."

வெளியே படியிறங்கும்போது அண்ணி சிரித்தார். "வாடகை குடுக்க முடியாம மூணு வீடு மாறின மனுஷன். தோட்டத்தையே தானம் பண்ணிட்டாராமே தம்பி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"உண்மையைச் சொல்லியிருந்தா பேரு போயிருக்கும் அண்ணி."

"இப்ப மட்டும் அங்க யாரு பேரு இருக்கு?"

அண்ணி பஸ் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. பெயர் அப்படியே நீடிக்கும். கவுன்சிலரின் அப்பாவுக்கு அடுத்த தெருவைக் கொடுத்தாயிற்று. பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்ட வேண்டும். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'நிலம் தந்த வள்ளல்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

நீலம் பூசியாகிவிட்டது. எழுத்தை இன்று மதியம் எழுதுகிறார். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கவுன்சிலர் திறந்துவைக்கிறார்.