பயில்வானின் இடது காது

என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் இடது காதைத்தான் பார்ப்பார்கள். பிறகு மரியாதைக்காகக் கண்ணைப் பார்ப்பார்கள். கொஞ்சம் பழகியதும், "வலது காது நல்லாத்தானே இருக்கு, இது மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். குஸ்தி என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். குஸ்தி என்றால் இரண்டு காதும்தானே போயிருக்க வேண்டும் என்று யாராவது குறுக்குக் கேள்வி போட்டால் எரிச்சல் வரும். உனக்கு எதுக்கய்யா அந்த ஆராய்ச்சி?

ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். மண்டி திறப்பதற்கு முன்னால் குஸ்தி பழகுகிற தாலிம்கானாவுக்குப் போய்விடுவேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு தகரக் கொட்டகை, நடுவில் செம்மண்ணைச் சலித்து எண்ணெயும் மஞ்சளும் கலந்து போட்ட கோதா, மூலையில் கரலாக்கட்டைகள். எங்களுக்குக் குஸ்தி சொல்லிக்கொடுத்த உஸ்தாதுக்கு இரண்டு காதும் சுருண்டு கெட்டியாகிக் கிடக்கும். அதை நாங்கள் மெடல் மாதிரி பார்த்தோம். "காது ஒடஞ்சாத்தாம்லே பயில்வான்" என்பார் அவர். சிலர் சீக்கிரம் பயில்வானாக வேண்டுமென்று காதைக் கொட்டகைத் தூணில் வைத்துத் தேய்ப்பார்கள். கிறுக்குப் பயல்கள்.

எனக்கு முதலில் அடிபட்டது வலது காது. எதிராளி என் தலையைக் கக்கத்தில் இடுக்கி இறுக்கினான். நான் திமிறி உருவிக்கொண்டு வந்தேன். காது சூடாக இருந்தது, அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் மடல் பணியாரம் போல உப்பிவிட்டது. மண்டியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சுண்ணாம்பு தடவு என்றான் ஒருவன். தவிட்டைச் சூடுபண்ணி ஒத்தடம் கொடு என்றான் இன்னொருவன். சவரக் கத்தியால் கீறிவிட்டால் சரியாகிவிடும் என்றார் மண்டிக்காரர். அப்படிக் கீறிவிட்டுக்கொண்ட ஒருத்தனை எனக்குத் தெரியும். சீழ் பிடித்துக் காதே வற்றிப்போனது.

அப்போது அக்கா தலைப்பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை வேடசந்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். நான் உள்ளே நுழைந்ததும் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னலே இது, காதா கத்திரிக்காயா? நட ஆஸ்பத்திரிக்கு."

"தன்னால வத்திரும்க்கா."

"நீ வரலைன்னா நான் இந்த வயித்தோட தாலிம்கானாவுக்கு வந்து ஒங்க உஸ்தாத நாலு கேள்வி கேப்பேன். எப்படி வசதி?"

கேட்கக்கூடியவள்தான். போனேன்.

டாக்டர் ஊசியைக் குத்தி ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருக்கிறது, குருத்துக்குச் சாப்பாடு மேலே இருக்கிற தோலிலிருந்துதான் போக வேண்டும், நடுவில் ரத்தம் நின்றுவிட்டால் குருத்து பட்டினி கிடந்து செத்துவிடும், அப்புறம் முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்படும் என்று விளக்கினார். அக்காவிடம்தான் விளக்கினார். என்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. காது மடிப்புகளுக்குள் ஈரப்பஞ்சைத் திணித்து, பின்பக்கமும் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ரத்தம் மறுபடியும் ஊறும், தினமும் வந்து காட்ட வேண்டும், கட்டு தளரக் கூடாது, தோல் ஒட்டுகிற வரைக்கும் கோதாவை மறந்துவிட வேண்டும் என்றார். வீங்கியதுமே வந்ததால்தான் காது பிழைத்தது என்றும் சொன்னார்.

அக்கா அந்தக் கட்டைக் காவல் காத்தாள். அரிக்கிறதே என்று விரலைக் கொண்டுபோனால் கையில் அடி விழும். காது பழையபடி தட்டையாக ஒட்டியது. அதற்குப் பிறகு ஒரு பழைய போர்வையைக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு காதையும் மூடித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுகிற மாதிரி ஒரு பட்டை தைத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு கோதாவில் இறங்கியதும் கொட்டகையே சிரித்தது. "ஏலே, பல்வலியா?" என்றார்கள். உஸ்தாதும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போங்கள், காது என்னுடையது.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. மச்சான் வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை தவழ ஆரம்பித்த சமயத்தில் அக்காவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. சேதி வந்து நான் பஸ் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. அம்மா மண்ணில் புரண்டாள். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். நான் பாடைக்குத் தோள் கொடுத்தேன், குளித்தேன், கொடுத்த காப்பியைக் குடித்தேன். "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். உண்மைதானே, நின்றேன். காரியம் முடிந்து திண்டுக்கல்லுக்கு வந்து தராசு பிடித்தேன். காலையில் கோதாவில் இறங்கினேன். பட்டையைக் கட்டிக்கொள்ளவில்லை.

அந்த மாதமே இடது காது உப்பியது. ஆஸ்பத்திரி மண்டியிலிருந்து கூப்பிடு தூரம். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும் எல்லாம் எனக்கு மனப்பாடம். போகவில்லை. போகக் கூடாது என்று நினைத்ததுமில்லை. கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீக்கம் மெல்ல மெல்ல இறுகியது. உஸ்தாது தொட்டுப் பார்த்து, "இப்பத்தாம்லே ஆளாகியிருக்க" என்றார்.

மறுவருஷம் மச்சான் வேறு கல்யாணம் செய்துகொண்டார். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார். நான் அவ்வப்போது பலகாரம் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்க்கப் போவேன். அது என் காதைப் பார்த்ததும் வீல் என்று கத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிடும். பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

சாவு விழுந்ததால் தள்ளிப்போட்டிருந்த காதுகுத்தை, பிள்ளைக்கு மூன்று வயதானபோது வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மச்சானின் அம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்: "புள்ள அவனப் பாத்தா அரளுது. புது மருமகளுக்கு ஒரு தம்பி இருக்கான். அவனும் மாமந்தான, அவன் மடியில வச்சுக் குத்திக்கிறோம். வருத்தப்பட வேணாம்." வருத்தப்பட வேண்டாமாம்! அந்த மடி கைமாறினால் நாளைக்குச் சடங்குச் சீரும் கல்யாணச் சீரும் அந்த வீட்டோடு போய்விடும். என் அக்காவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்ததே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும். அக்காவின் வீட்டில் எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதே டாக்டர். காதை விரலால் சுண்டி, "தெரியுதா?" என்றார்.

"இல்லீங்க."

நகத்தால் அழுத்தினார். அதுவும் தெரியவில்லை.

"வீங்குனப்பவே வந்திருந்தா ஊசியோட போயிருக்கும். இப்ப இறுகிப்போச்சு. மெட்ராஸுக்குப் போய் அறுத்துச் செதுக்கணும். அப்பவும் பழைய காது வராது" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "அந்தக் காதுக்கு ஒழுங்கா வந்தவன்தானப்பா நீ? இதுக்கு ஏன் வரல?" என்று கேட்டார்.

"கூட்டிட்டு வர ஆளு இல்லீங்க" என்றேன்.

காதுகுத்து அவர்கள் குலசாமி கோயிலில். காதை மறைத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, சீர்த்தட்டோடு போனேன். வேப்பமரத்தடியில் ஆசாரி கம்பியை எடுத்து வைத்துத் தயாராக இருந்தார். ஜமுக்காளத்தில் அந்தப் புதுத் தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மச்சான் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். சண்டை போட வேண்டும் என்றுதான் வந்தேன். நின்றபோது அதுகூட வரவில்லை.

மச்சானின் புது மனைவி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். அதுவரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணே, தலப்பாவ அவுருங்க."

"புள்ள பயப்படும்த்தா."

"மூடி மூடி வச்சாத்தான் பயப்படும். அவுருங்கண்ணே."

அவிழ்த்தேன். பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "மாமாவுக்கு அடிபட்டுருச்சு. பாவம்ல? தடவிக் குடு" என்று சொல்லி, அதன் கையைப் பிடித்து என் காதில் வைத்தாள். கை பட்டது எனக்குத் தெரியவில்லை. பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்ததுதான் தெரிந்தது. அவள் ஜமுக்காளத்தின் பக்கம் திரும்பி, "ஏலே, எந்திரி. உரிமைக்காரவுக வந்துட்டாக" என்றாள். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அக்கா மகளுக்கு அக்கா தம்பி மடிதான் அத்தே" என்றாள் அவள். புதுத் தாய்மாமன் எழுந்து இடம் விட்டான்.

உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி கம்பியை ஏற்றினார், பிள்ளை அலறியது, வாயில் சர்க்கரையைப் போட்டார்கள், முடிந்தது. அது இறங்கி ஓடிவிடும் என்று நினைத்தேன். விக்கிக்கொண்டே மடியில் இருந்து என் காதையே பார்த்தது.

"மாமா, ஒனக்கும் குத்துனாகளா?"

"ஆமாத்தா."

"அழுதியா?"

"இல்ல."

"அழுதா வலி போயிரும். எங்கம்மா சொல்லுச்சு."

எங்கம்மா என்று அது கையை நீட்டியது அந்தப் பெண்ணைப் பார்த்து. அவள் மேல் எனக்குக் கோபமில்லை, நல்லவள். பிள்ளைக்கு அம்மா கிடைத்துவிட்டாள். என் அக்கா செத்துப்போய்விட்டாள். அது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதேன்.

"அடக் கொடுமையே, காது குத்துனது புள்ளைக்கு, அழுகுறது பயில்வானா?" என்று யாரோ சொல்லக் கூட்டம் சிரித்தது. என்னால் நிறுத்த முடியவில்லை.