நான்காவது பொம்மை

நூலகத்து லிஃப்ட் மாதத்தில் ஒரு நாள் அவளுக்குச் சொந்தம். அவள் வந்து, கதவில் ‘வேலை நடக்கிறது’ பலகையை மாட்டி, மேல்மாடி மோட்டார் அறையில் கம்பிக் கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, தானே ஒரு தடவை ஏறி இறங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். பதினெட்டு வருஷமாக இதே வேலை. ‘லிஃப்ட் அக்கா’ என்றால்தான் அந்த வட்டாரத்தில் ஆளைத் தெரியும்.

அன்று காலை கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தின் நடுவில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்கு மேலே, கன்னத்தில் கைவைத்தபடி, உலகத்துக் கவலையெல்லாம் தன் தலையில்தான் என்கிற பாவனையில் அவளுடைய அண்ணனின் படம். அண்ணன் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவன். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: ‘என்னை உருவாக்கிய பொம்மைகள்’.

“உங்க அண்ணனாமே! பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட பேச வர்றார்,” என்றார் நூலகர் அம்மா. “குடுத்து வச்சவங்க நீங்க.”

“ஆமாம். எனக்குக் குடுத்ததெல்லாம் வறுவல்தான்.”

நூலகருக்குப் புரியவில்லை. புரிய நியாயமும் இல்லை. அது முப்பத்தைந்து வருஷத்து வயிற்றெரிச்சல்.

அவர்களுடைய அப்பா பஸ் டிரைவர். அவர் ஓட்டிய பஸ் கடைசியாக வந்து நிற்கும் இடத்துக்கு எதிரில் ஒரு பர்கர் கடை இருந்தது. குழந்தைகளுக்கென்று அட்டைப்பெட்டியில் ஒரு பர்கர், ஒரு கை உருளைக்கிழங்கு வறுவல், கூடவே ஒரு பொம்மை தருவார்கள். அந்த வருஷம் பார்த்து அவர்களுக்குக் கல்வி மேல் அக்கறை வந்துவிட்டது. எட்டு வாரம், எட்டு சரித்திரப் பொம்மைகள். சக்கர வண்டி, களிமண் ஏடு, பாய்மரக் கப்பல், பாரம்தூக்கி, நீர்க்கடிகாரம், அச்சு இயந்திரம், தொலைநோக்கி, நீராவி ரயில். ஒவ்வொன்றோடும் மடித்த துண்டுத்தாளில் நாலு வரி விளக்கம்.

சனிக்கிழமைதோறும் அப்பா ஒரு பெட்டி வாங்கிவருவார். ஒன்றே ஒன்று. அதைப் பங்கு போட்டது அம்மா.

“பொம்மையில பாடம் இருக்கு. அது படிக்கிற பிள்ளைக்கு. நீ சாப்பிடு பாப்பா.”

அண்ணன் மூன்றாம் வகுப்பு. அவள் இன்னும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. தீர்ப்பு முடிந்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டுத்தாளை உரக்கப் படிப்பான். இவள் எதிரே உட்கார்ந்து வறுவல் தின்பாள். வயிறு என்னவோ நிறைந்தது. எரியவும் எரிந்தது. தொடலாமா என்று கேட்டால், “கையெல்லாம் எண்ணெய்,” என்பான். கையைக் கழுவிக்கொண்டு வந்தால் பொம்மை அலமாரிக்குள் போயிருக்கும், சாவி அவன் இடுப்பில். இவ்வளவு பத்திரப்படுத்தினானே, அதில் எதையாவது விளையாடினானா என்றால் அதுவும் இல்லை. கப்பலின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் பிரிக்கவில்லை!

நான்காவது வாரம் பாரம்தூக்கி வந்தது. நான்கு கால் சட்டம், மஞ்சள் கப்பி, ஒரு நூல், நூல் முனையில் சாம்பல் நிறக் கல். கைப்பிடியைச் சுற்றினால் கல் மேலே ஏறும். அவள் வறுவலை மறந்தாள். அண்ணன் சாவியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன ஐந்து நிமிஷத்தில் பொம்மை அவளுடைய பழைய துணிப்பைக்குள் போய்விட்டது.

வீடே தலைகீழானது. “ஒரு பொருளைக் காப்பாத்தத் தெரியல, உனக்கெல்லாம் சரித்திரம் ஒரு கேடா?” என்று அப்பா அண்ணனைச் சாயங்காலம்வரை வாசலில் நிற்கவைத்தார். அவள் கதவு இடுக்கு வழியாக அதைப் பார்த்தாள். இரக்கம் வந்ததா? இல்லை. ஜன்மத்தில் முதல்முறையாகக் குளுகுளுவென்று இருந்தது.

அந்தத் திருட்டுதான் இன்றைக்கு அவளுக்குச் சோறு போடுகிறது. கப்பியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டியே வளர்ந்தவள், பிறகு பெரிய கப்பிகளுக்குப் போனாள். பொம்மையைப் பஞ்சில் சுற்றிக் கருவிப்பையின் அடியில் வைத்திருப்பாள். எந்த லிஃப்டுக்கு எண்ணெய் விட்டாலும் கடைசிச் சொட்டு அதற்குத்தான். நூல் இரண்டு தடவை அறுந்து, இப்போது இருப்பது தூண்டில் நரம்பு.

லிஃப்ட் கதவில் பலகையை மட்டும் மாட்டிவிட்டு அவள் பெட்டியருகே போனாள். வெளுத்துப்போன ஏழு பொம்மைகள் வரிசையாக இருந்தன. கப்பல் இன்னும் உறைக்குள்தான். நான்காவது இடம் காலி, அங்கே ஒரு சீட்டு மட்டும். ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதியிருப்பான், படித்துவிட்டுச் சந்தோஷமாக வேலைக்குப் போகலாம் என்று குனிந்தாள்.

‘பாரம்தூக்கி. என் தங்கைக்கு நான் அன்போடு கொடுத்தது.’

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. கொடுத்தானாம்! அன்போடாம்! வாழ்நாளில் அவள் தானாகச் சாதித்தது ஒரே ஒரு திருட்டு, அதையும் இவன் தன் தர்மக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

அந்தச் சூட்டோடு மோட்டார் அறை வேலையை முடித்து அவள் கீழே இறங்கியபோது, பத்தே முக்காலுக்கு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் அண்ணன் வந்தான்.

“என்ன பாப்பா, பெட்டி எப்படி இருக்கு?”

“எனக்கு நீ எப்போ குடுத்தே?”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “மெதுவாப் பேசு. நீ எடுத்தது எனக்கு அன்னைக்கே தெரியும். போர்வைக்குள்ள கிறீச் கிறீச்னு சுத்திக்கிட்டுக் கிடப்பே. பக்கத்துல படுத்திருந்தவனுக்குக் கேக்காதா?”

“அப்புறம் ஏன் அப்பாகிட்ட சொல்லலை?”

“நீ சின்னப் பிள்ளை. அடி தாங்க மாட்டே.”

இதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பொம்மையும் அவனுக்கு, படிப்பும் அவனுக்கு, கடைசியில் நல்லவன் என்கிற பெயரும் அவனுக்கேவா?

“ஒண்ணு கேக்கிறேன், நிஜத்தைச் சொல்லு. நான் திருடாம, குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

அண்ணன் பெட்டியின் காலி இடத்தைப் பார்த்தான்.

“மாட்டேன்.”

“என்ன?”

“குடுத்திருக்க மாட்டேன், போதுமா? செத்தாலும் குடுத்திருக்க மாட்டேன். அது ஒண்ணுதான் அதுல நல்ல பொம்மை.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இந்த ஒரு வார்த்தையை அவன் எட்டு வயதிலேயே சொல்லியிருக்கலாம்.

“அப்போ அதை எழுது.”

“பாப்பா, பிள்ளைங்க வர்ற நேரம்...”

“எழுதலைன்னா இன்னைக்கு லிஃப்ட் ஓடாது. உன் கூட்டம் மூணாவது மாடியில.”

அண்ணன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். ‘பாரம்தூக்கி. என் தங்கை திருடியது.’ அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கருவிப்பையின் அடியில் கைவிட்டு, பஞ்சைப் பிரித்து, பொம்மையையும் அந்தச் சீட்டையும் நான்காவது இடத்தில் வைத்தாள்.

“கடன்தான். அடுத்த மாசம் எண்ணெய் விட வரும்போது எடுத்துக்குவேன்.”

அதற்குள் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து பெட்டியைச் சூழ்ந்தார்கள். மேலே போகுமுன் பெட்டியைக் காட்டிவிடலாம் என்று அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சக்கர வண்டியிலிருந்து ஆரம்பித்தான். அதன் சக்கரம் உருளவில்லை. ரயிலும் நகரவில்லை. ஒரு சிறுமி திறந்திருந்த பெட்டிக்குள் கைவிட்டுப் பாரம்தூக்கியின் கைப்பிடியைச் சுற்றினாள். கல் சத்தமில்லாமல் மேலே ஏறியது. “ஏய், இது வேலை செய்யுது!” என்று அவள் கத்த, மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ‘யார் திருடினது? எப்படித் திருடினாங்க?’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

பேச்சு பாதியில் நிற்க, அண்ணன் அந்தக் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். வறுவல் தின்ற கையோடு, ஜன்னலோரத்தைப் பார்த்துப் பார்த்து அவள் பழகிய பார்வை அது.

“தொடறதுக்கு முன்னாடி கையைக் கழுவிக்கோ அண்ணா,” என்று சொல்லிவிட்டு, அவள் பலகையைக் கழற்ற லிஃப்ட் பக்கம் போனாள்.