மலைக்கு அப்பால் ஒரு வெந்நீர் ஊற்று

ஆடி மாதம், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கு பஸ் ஏறினோம். எட்டு மைல், ஆளுக்கு இருபது சதம். தூறல் விடவில்லை. நான் டவுனில் தையல்காரன். என் மனைவி மரகதமும் மெஷின் மிதித்தவள்தான். போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போயிற்று. முள் குத்தினாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

ரத்தோட்டையில் சலீம் நானா காத்திருந்தார். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிப்போய் மலைக்கு அப்பாலுள்ள கிராமங்களில் விற்பவர். அங்கே ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது, அதில் காலை நனைத்தால் மரத்துப்போனது சரியாகும் என்று சொன்னவரும் அவரே. ஒரு மாட்டின் முதுகில் சாக்கை மடித்துப் போட்டு மரகதத்தை உட்காரவைத்தோம். தேயிலைக்குள் ஏறிக் கணவாயைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். முதுகுப் பக்கம் மழை. முன்னால் சுள்ளென்ற வெயில், காய்ந்து மஞ்சளான புல்.

"இந்தப் பக்கத்துக்கு மழை மார்கழியிலதாங்க," என்றார் நானா.

வழியில் ஒரு வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊற்றை அடைந்தோம். பாறை இடுக்கில் தண்ணீர் குமிழியிட்டு எழுந்தது. அடுப்பில்லை, விறகில்லை, பூமி தானாகவே நீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஆவியைப் பார்த்த பராக்கில் மரகதத்தை மறந்துபோனேன். அவள் பாறையோரம் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள்.

"ஒண்ணுமே தெரியலைங்க," என்றாள்.

மாட்டைக் கட்டிவிட்டு வந்த நானா சத்தம் போட்டார். "தங்கச்சி, காலை எடுங்க. முட்டை வேகுற தண்ணி அது."

பாய்ந்து தூக்கினேன். கணுக்கால் வரை சிவந்து கொப்பளித்திருந்தது. அவள் முகத்தில் வலியே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

புண் ஆற இரண்டு மாதமாயிற்று. இனி அந்தப் பக்கமே தலைவைப்பதில்லை என்றிருந்தேன். மார்கழி பிறந்ததும் அவளே கேட்டாள்.

"இன்னொருக்கா போவோமாங்க? வலி தெரியாத காலுக்கு என்ன பயம்?"

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பஸ் ஏறினோம்.

இந்த முறை கணவாய்க்கு அப்பால்தான் மழை. பத்தடிக்கு முன்னால் போகும் மாடு தெரியவில்லை. காலெல்லாம் அட்டை. ஊற்றைத் தேடவேண்டியிருந்தது, ஓடை பெருகி அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் வெள்ளத்தின் நடுவே ஓரிடத்தில் மட்டும் ஆவி தூண்போல் எழுந்து நின்றது. அத்தனை மழையாலும் அதை அணைக்க முடியவில்லை. என்னையறியாமல் கைகூப்பினேன்.

"ஓடைத் தண்ணி கலந்திருக்கு. ஓரமா வச்சுப் பாருங்க," என்று நானா மாட்டருகே நின்றுகொண்டார்.

முதலில் நான் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டும் இளஞ்சூடு. மரகதம் காலை இறக்கினாள். அவள் கணுக்காலைப் பிடித்த கையை நான் எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து, "ஏங்க, பெருவிரல்கிட்ட சுடுது," என்றாள்.

பதறிப்போய் வெளியே இழுத்தேன். தோல் சிவக்கவில்லை. அவள் என் கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் காலைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

"விடுங்க. கொஞ்ச நேரம் சுடட்டும்."

மழை வலுத்தது. கிளம்பலாம் என்று நானா இரண்டு தடவை கூப்பிட்டார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.