முதலில் வகுத்தவள்

ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டு என்று கணினி சொன்ன நாளில் என் மச்சாள் வாய்விட்டுச் சிரித்தாள். கிளிநொச்சி நகரில் நாங்கள் படித்த தொழில்நுட்ப நிலையத்தின் மேல்மாடி அறை அது. சி மொழியில் செய்கைக் குறிகளும் கோவைகளும் என்பது அன்றைய பாடம். இரண்டரை வரவேண்டிய இடத்தில் திரையில் வெறும் 2 நின்றது. "மிச்ச அரையை ஆர் திண்டது?" என்று என் காதுக்குள் கேட்டாள். தசமமில்லாத நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுத்தால் சி மொழி தசமத்தைக் கைவிட்டுவிடும் என்று விரிவுரையாளர் விளக்கியபோதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

மச்சாள் என் அப்பாவின் தங்கை மகள். பெண்பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் வயதில் நாற்பது நாள்தான் வித்தியாசம். கண்டாவளைப் பக்கம் ஒரு சிறிய குளத்துக்குக் கீழே எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே வேலியின் இரு புறமும் இருந்தன. வேலியில் குனிந்து நுழைந்து போக ஒரு பொட்டு இருந்தது. வாசல் படலையால் சுற்றிப் போய்வந்த ஞாபகம் எனக்கில்லை. மாமா உயிரோடு இல்லை. மாமி தனியே இரண்டு ஏக்கர் வயலைச் செய்து அவளைப் படிப்பித்தார். காலையில் ஒரே பேருந்து, மத்தியானம் ஒரே சாப்பாட்டுப் பெட்டி, இருவருக்குமாக ஒரு மடிக்கணினி. அவள் எந்த எழுத்தைத் தட்டும்போது நாக்கைக் கடிப்பாள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

இறுதியாண்டு வேலைத்திட்டமாக எங்கள் குளத்துக்கு ஓர் எச்சரிக்கை மணி செய்தோம். மாரியில் குளம் நிரம்பி வரும்போது கமக்காரர் சங்கம் அணைக்கட்டில் ஆள்மாறி ஆள் காவல் போடும். நீர் குறித்த மட்டத்துக்கு வந்தால் மேலதிக நீரை விடும் கதவைத் திறக்க வேண்டும். பிந்தினால் அணைக்குக் கீழே இருக்கும் வயல்கள் மூழ்கும். நாங்கள் செய்த பெட்டி நீர்மட்டத்தைத் தானே பார்த்து, எண்பது சதவீதம் வந்ததும் சைரனை ஒலிக்கவேண்டும். வயர், பெட்டி, நீர்மட்டத்தை அளக்கும் உணரியைப் பொருத்துவது எல்லாம் அவள். நிரல் நான்.

உணரி சுழியத்திலிருந்து 1023 வரை ஓர் எண்ணைத் தரும். அதைச் சதவீதமாக்க ஒரே ஒரு வரி போதும். அந்த வரிக்கு நான் இரண்டு நாள் செலவழித்தேன். வாசிப்பை முதலில் நூறால் பெருக்கி, பிறகுதான் 1023-ஆல் வகுத்தேன். பெருக்கும்போது எண் பெருத்துவிடும் என்பதால் அதற்கு இடம் கொள்ளும் பெரிய மாறியையும் எடுத்தேன். ஒரு வாளியில் நான்கு விரற்கடைக்கு ஒரு கோடு போட்டு, கோடு கோடாகத் தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்தேன். எழுபத்தொன்பதில் மௌனம், எண்பதில் சத்தம். கோழிகள் சிதறி ஓடின. மச்சாள் கைதட்டினாள்.

அடுத்த கிழமை எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். சங்கத்துக்கும் நிலையத்துக்கும் பெட்டியை இயக்கிக் காட்டும் நாள் அதற்குள் வந்தது. மச்சாள் தனியே காட்டினாள். எல்லோரும் பாராட்டினார்களாம். தோடம்பழப் பையோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்து, "வெறும் வாளிக்குச் சுழியம் காட்டிச்சுது, நிறைவாளிக்கு நூறு காட்டிச்சுது. தலைவர் அசந்துபோனார்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், சந்தோசத்தில். நான் வீடு திரும்புமுன்பே பெட்டியைக் குளத்தில் பொருத்திவிட்டார்கள். மணி இருக்கிறதுதானே என்று சங்கம் அந்த மாரிக்குக் காவலையும் நிறுத்திவிட்டது.

மார்கழியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் சைரன் ஒலித்தது. நாங்கள் ஓடிப்போனபோது தண்ணீர் ஏற்கனவே அணைக்கட்டின் விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கப் போனவர்களால் அதன் அருகே நிற்கக்கூட முடியவில்லை. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அணையோடு ஒட்டியிருந்த ஏழு பேரின் வயல்கள், பால் பிடித்துக்கொண்டிருந்த கதிரோடு, ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தன. அதில் ஒன்று மாமியின் வயல். தண்ணீர் வடிந்த பிறகு மாமி சேற்றுக்குள் முழங்கால் வரை நின்று, சாய்ந்த கதிர்களைப் பிடிபிடியாக நிமிர்த்திப் பார்த்ததை வரம்பில் நின்று கண்டேன். விட்டதும் அவை மறுபடி விழுந்தன.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் எங்கள் மடிக்கணினியை வாங்கி நிரலை மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு வரியில் நின்றார். வாசிப்பை முதலில் 1023-ஆல் வகுத்து, பிறகு நூறால் பெருக்கியிருந்தது.

"கடதாசியில கணக்குச் செய்தால் இது சரி," என்றார் சபையைப் பார்த்து. "கணினி இதை இடப்பக்கத்திலயிருந்து செய்யும். உணரி தொள்ளாயிரம் தந்தால், அதை ஆயிரத்து இருபத்துமூன்றால் வகுக்க ஒன்றுக்குக் குறைவு. தசமம் போய்விடும், மிஞ்சுவது சுழியம். சுழியத்தை நூறால் பெருக்கினாலும் சுழியம். குளம் எண்பது சதவீதத்தைத் தாண்டினாலும் இந்தப் பெட்டிக்கு அது வெறுங்குளம். விளிம்பைத் தொட்டால்தான் நூறு." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இதை எழுதினது ஆர்?"

நான் வாய் திறக்குமுன் மச்சாள் எழுந்தாள். "கணக்குப் பகுதி முழுக்க இவாதான் எழுதினவா, சேர். நான் வயர் வேலை மட்டும்தான்."

என்னை அவள் 'இவா' என்று சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல்தடவை. அந்நியருக்கு மரியாதை கொடுப்பதுபோல. எனக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. காய்ச்சலுக்கு முன் நானே மாற்றி எழுதி மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவள் பொய் சொல்வாள் என்று நினைப்பதைவிட என் தலை பழுதாகிவிட்டது என்று நினைப்பது எனக்கு அப்போது இலகுவாக இருந்தது. ஏழு குடும்பங்களின் முகத்துக்கு முன்னால், "ஓம், கணக்கு எழுதினது நான்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். என் வரி என் கையெழுத்தில் அப்படியே இருந்தது: முதலில் பெருக்கல், பிறகு வகுத்தல். மடிக்கணினியில் அந்தக் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நாளைப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாள்.

வேலிப் பொட்டால் போனேன். மச்சாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கொப்பியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பள்ளிக்கூடத்தில சதவீதம் இப்பிடித்தானே எடுக்கிறது," என்றாள். "முழுசால வகுத்து நூறால பெருக்கிறது. நீ எழுதினதைத் திரையில போட்டால் சனத்துக்கு விளங்காதெண்டு நேராக்கினனான். ரெண்டும் ஒண்டுதானே எண்டு நினைச்சன்."

"அது பிழை, சரி. தெரியாமல் நடந்தது. ஏன் என்னைச் சொன்னனீ?"

கையிலிருந்த சவர்க்கார நுரையை வழித்தாள். "தண்ணிக்குள்ள தாண்டது அம்மான்ரை வயல். நான்தான் எண்டு தெரிஞ்சால் அவா என்ரை முகத்தைப் பாப்பாவோ? உன்னையெண்டால் மன்னிச்சிடுவா."

"நீயே போய்ச் சொல்லு. நான் பக்கத்தில நிக்கிறன்."

"சொல்லுறன். கொஞ்ச நாள் போகட்டும்."

நான் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் பேருந்தில் அவள் பக்கத்தில் இருந்து, இன்றைக்குச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். படிப்பு முடிந்தது. அவளுக்குக் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் குளத்து மணியைத் தன் வேலையாகச் சொன்னதாக அவளோடு போன தோழி ஒருத்தி என்னிடம் சொன்னாள். நல்லது எல்லாம் அவளுடையது, அந்த ஒரு வரி மட்டும் என்னுடையது. நான் ஏன் மாமியிடம் போய்ச் சொல்லவில்லை என்று இப்போதும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். சேற்றுக்குள் நின்ற அந்த மனுசிக்கு மகளையும் இல்லாமல் செய்ய மனம் வரவில்லை என்று சொல்லலாம். உண்மையில், அவளாகச் சொல்லவேண்டும் என்ற பிடிவாதம்தான். அது நடந்தால்தான் எனக்கு என் மச்சாள் திரும்பக் கிடைப்பாள் என்று நம்பியிருந்தேன்.

சங்கத் தலைவரிடம் தனியே போனேன். பெட்டியைத் திருத்தித் திரும்பப் பூட்ட விடுங்கோ என்று கேட்டேன். அவருடைய வயலும் மூழ்கியதுதான். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆர் எழுதினதெண்ட கதையெல்லாம் விடு பிள்ளை. இனி நேரத்துக்கு அடிக்குமோ?" என்றார். அடிக்கும் என்றேன். இந்தத் தடவை வாளியில் அல்ல, குளத்திலேயே இடுப்பளவு தண்ணீரில் நின்று, உணரியைச் சாண் சாணாக இறக்கிப் பார்த்தேன். அடுத்த மாரியில் எண்பதில் மணி அடித்தது, கதவைத் திறந்தார்கள், ஒரு வரம்பும் உடையவில்லை. இப்போது முல்லைத்தீவுப் பக்கமும் சேர்த்துப் பதினொரு குளங்களுக்கு நான் பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன். என்றாலும் எங்கள் ஊரில் சங்கம் அணையில் காவலைத் திரும்பவும் போட்டது, இன்றுவரை எடுக்கவில்லை. அது என்னால் என்றுதான் ஊர் நினைக்கிறது.

போன பொங்கலுக்கு மாமி வீட்டுக்குப் போனேன். மாமிக்குக் கண் மங்கிவிட்டது. மச்சாள் இப்போது வெளிநாட்டில். தொலைபேசியில் அவள் முகம் தெரிய, மாமி அதை எனக்கும் காட்டி நடுவில் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் கண்ட சந்தோசமோ என்னவோ, மாமி என் கன்னத்தைத் தடவிச் சொன்னார்: "அண்டைக்கு நீ விட்ட பிழையை நான் ஒருநாளும் மனசில வச்சிருக்கேல்லை, பிள்ளை. வயல் போனால் போகட்டும். நீயும் என்ரை பிள்ளைதானே."

நான் திரையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. இத்தனை வருசத்தில் இவ்வளவு நல்ல ஒரு நேரம் அவளுக்கு வாய்த்ததில்லை.

"அம்மா," என்றாள் மச்சாள், "மத்தியான மருந்து போட்டிட்டீங்களோ?"