திரிஞ்சா ஊத்திடுங்க

ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாகக் கிள்ளான் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவினேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது. பிறகு கேரி தீவில் செம்பனைத் தோட்டம், பிரிக்பீல்ட்ஸில் தேநீர்க்கடை, கொஞ்ச நாள் லோரி. ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் ஏஜென்சியிலிருந்து எடுத்து நிரந்தரமாக்குவோம் என்றிருந்தார்கள். ஐந்து ஓடியிருந்தது.

அங்கே ஆய்வு செய்த தமிழ்ப் பெண் என்னிடம் மட்டும் தமிழ் பேசுவாள். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள்தான் அவள் வேலை.

"தனித்தனியா இருந்தா காந்தம் லேசுல இழுக்காதுண்ணே. நூத்துக்கணக்குல கூடி உருண்டையாயிட்டா சட்டுனு வரும். சாயத் தண்ணில போட்டா சாயத்தைப் பிடிச்சுக்கும், காந்தத்தால அள்ளிடலாம்."

உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில் அமைந்தால், காந்தம் காட்டியதும் பழுப்புத் தண்ணீர் பச்சையாகும். கண்டபடி ஒட்டிக் கட்டியானால் ஆகாது. அதை "திரிஞ்சிடுச்சு" என்பாள். மற்றவர்களிடம் அதற்கு ஆங்கிலச் சொல். எனக்கென்று பால் சமாசாரம்.

ஒரு காலை, முதல் நாள் பால் விடாத தே ஓ போலத் தெளிந்திருந்த குடுவை கலங்கிக் கிடந்தது. அடியில் வண்டல். போன் செய்தேன்.

"மிஸ், மூணாம் நம்பர் திரிஞ்ச மாதிரி இருக்கு."

"மறுபடியுமா? திரிஞ்சா ஊத்திடுங்க லா அண்ணே. நான் ரோட்டு ஜேம்ல மாட்டியிருக்கேன்."

கழிவுப் பீப்பாயில் ஊற்றினேன். அடியில் தங்கிய சொட்டுகளுக்குச் சும்மா காந்தத்தைக் காட்டினேன். மாவிலைப் பச்சை.

ஒழுங்காகக் கூடினாலும் திரவம் கலங்கத்தான் செய்யுமாம். அதை அவள் எனக்குச் சொன்னதில்லை. தேநீர்க்கடைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அவள் வந்து அந்தப் பச்சையைப் பார்த்தாள்; பிறகு மேலதிகாரி வந்தார். போனில் கேட்டுத்தான் ஊற்றினேன் என்றேன்.

"கெட்டிருந்தால் ஊற்றச் சொன்னேன்," என்றாள் அவள் ஆங்கிலத்தில், தரையைப் பார்த்து. பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"நீ என்ன பார்த்தாய்?" என்று அவர் என்னிடம் மலாயில் கேட்டார். திரிந்ததற்கு மலாயில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. "ரோசாக்," என்றேன். கெட்டுவிட்டது.

"ரோசாக் என்று முடிவு செய்தது நீயா?"

ஆமாம் என்றேன். அவள் காலிக் குடுவையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மாடிப்படியில் பின்னாலேயே வந்தாள். "சாரிண்ணே. எனக்கும் மூணு மாச வேலை போச்சு."

"நீங்க மறுபடி செஞ்சுக்கலாம் மிஸ்."

மறுநாள் ஏஜென்சி என்னைப் பங்சாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கழிவறைகளுக்கு மாற்றியது. இரண்டு வாரத்தில் அதையும் விட்டேன்.