மருந்து குடிச்சியாம்மா?

போன வாரம் ஒரே ஒரு சொல்லால் ஒரு பிரசவ வார்டையே கலங்கடித்தேன். இத்தனைக்கும் நான் அங்கே போகக்கூட இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு பிலோமினா கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். சமீபத்தில் அவர்களுக்கு ஒரு டிரெயினிங். தாய் வயிற்றிலேயே போதைப் பொருளுக்குப் பழகிவிட்ட குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? கீச்சென்று ஓயாத அழுகை, கை கால் உதறல், அடுக்குத் தும்மல், பால் குடிக்கத் திணறல்... வேறு நோய் இல்லை என்று டாக்டர் பார்த்துவிட்டால், தாயிடம் பக்குவமாக விசாரிக்க வேண்டும்.

அந்தப் பக்குவத்துக்கு ஒத்திகை என் சமையலறையில் நடந்தது. பிள்ளை பெற்றவளாக நான். வயது ஐம்பத்தாறு — சிரிக்காதீர்கள்.

"மாசமா இருக்கசொல்ல போதைப் பொருள் எதுனா எடுத்தீங்களா?" என்று கேட்டாள் பிலோமினா.

"போதைன்னு ஆரம்பிச்சா எவ பதில் சொல்லுவா? மருந்துன்னு கேளு, மரியாதையா இருக்கும்" என்றேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள், பாவம்.

நைனார்பாளையத்து சுமதிக்குத் தலைப்பிள்ளை. பிறந்த மறுநாளே குழந்தை உதற ஆரம்பித்தது. மார்பில் வைத்தால் வீறிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. டெஸ்ட் எல்லாம் நார்மல். ஆனால் பால் இறங்கவில்லை. சுமதி அழுதுகொண்டே இருந்தாள். பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாசமா இருக்கசொல்ல மருந்து எதுனா குடிச்சியாம்மா?"

நம் பக்கத்தில் 'மருந்து குடித்தாள்' என்றால் என்ன அர்த்தம்? பயிருக்கு அடிக்கிற மருந்து. எனக்கு எப்படி இது மறந்தது?

வார்டு வாசலில் நின்ற சுமதியின் கணவர் பதறி உள்ளே வந்துவிட்டார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி லோடு ஏற்றி வருகிறவர்.

"மருந்து குடிச்சாளா? எதுக்குங்க குடிக்கிறா? நான் இன்னா கொறை வெச்சேன் இவளுக்கு? இடுப்பு வலின்னு சொன்னா போதும், மெடிக்கல்ல மாத்திரை வாங்கியாந்து குடுத்துக்கினே இருந்தேன். இந்தாங்க, பாருங்க."

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார், தன் பாசத்துக்குச் சாட்சியாக.

வீரியமான வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாதது. பழகினால் லேசில் விடாதது.

"இத்தப் போட்டாதான் எனக்குத் தூக்கமே வரும் சிஸ்டர்..." என்ற சுமதிக்கு மெல்லப் புரிந்தது. "அப்ப நாந்தானா? பாப்பாவ எங்கிட்டருந்து எடுத்துடுவீங்களா?"

"எதுக்கு எடுக்கணும்? உங்கிட்ட இருந்தாதான் சீக்கிரம் தேறும்" என்றாள் பிலோமினா.

டாக்டர் வந்தார். விளக்கை மங்கலாக்கி, குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்தினார்கள். சுமதிக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க ஏற்பாடு. சத்தம் கூடாது என்றதும் கணவரே காவலுக்கு நின்றார் — யார் செல்போன் அடித்தாலும் ஒரு முறைப்பு.

போதை என்றதும் நமக்குத் தெருவோரம் விழுந்து கிடக்கிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அன்பான ஒரு கை அதை வீட்டுக்குள் கொண்டுவரும் என்று யார் நினைத்தோம்? பிலோமினா இப்போது "வலிக்கு, தூக்கத்துக்கு இன்னா மாத்திரை போட்ட?" என்றுதான் கேட்கிறாள். அவளை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்" என்று சுமதி கேட்டுக்கொண்டாளாம். அதனால் பெயரை மாற்றிவிட்டேன், ஊரை மாற்றிவிட்டேன்... நாலைந்து நாளில் அந்தக் குழந்தை வயிறு முட்டப் பால் குடித்துத் தூங்கியதை மட்டும் மாற்றவில்லை.