புயலைத் திருப்பப் போன சவடால்

விமானப் பட்டறையில் அவனுக்குச் சவடால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். மெக்கானிக் வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது, வாய்தான் அடங்காது. தொலைந்த ஸ்பேனரைத் தேடி எடுத்ததைக்கூடப் புலி வேட்டைக்குப் போய் வந்தவன் மாதிரி சொல்லுவான். சொல்லும்போது இரண்டு கையும் பக்கவாட்டில் விரியும். பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைப் பத்திரப்படுத்திக்கொண்டு கேட்க வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் வாயிலிருந்து மற்றவர்கள் பிழைத்ததுதான் பெரிய காரியம்.

அவன் அளப்பதையெல்லாம் அப்படியே நம்பும் ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது அவன் அக்கா. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள். தொலைவில், கடலை ஒட்டிய ஒரு தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். முன்னறையில் மெஷின், பின்னறையில் குடித்தனம். துணி கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் தம்பி புராணம்தான். "என் தம்பி கை வைக்கலன்னா அங்க ஒரு விமானமும் மேல எழும்பாது" என்பாள். யாரும் சிரித்ததில்லை. அளவெடுக்கிறவள் கையில் கத்தரிக்கோல் இருக்கிறதே!

அந்த வருஷம் பட்டறைக்கு ஒரு புது விமானம் வந்தது. புயலுக்குள்ளேயே போய், அதன் நடுவே காற்று அடங்கிக் கிடக்கும் கண்ணைச் சுற்றியிருக்கும் மேகத்தில் மருந்து தூவினால் வேகம் குறையுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி. விமானத்தின் வயிற்றில் வரிசையாகக் குழல்கள். உள்ளே வெள்ளி அயோடைடு. கொளுத்திவிட்டால் புகையாகப் போய், மேகத்தில் இருக்கும் நீரை உறைய வைக்கும். உறைந்தால் புயலின் கட்டு கொஞ்சம் தளரலாம், தளராமலும் போகலாம் என்றார் ஆராய்ச்சிக்குத் தலைவியான டாக்டரம்மா. அவர் எதையும் கூட்டிச் சொல்லாதவர். சவடாலுக்கு அவரைக் கண்டால் பாவமாக இருக்கும்.

குழல்களை விடும் விசை அடிக்கடி சிக்கிக்கொண்டது. மேலே போய்ச் சிக்கினால் எடுத்துவிட ஒரு ஆள் வேண்டுமே! கடலில் ஒரு புயல் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்த சமயம், அவனையும் விமானத்தில் ஏறச் சொன்னார்கள். சொன்ன கையோடு அவன் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, புயல் வருதாமே, கேட்டியா?"

"கேட்டேன்டா. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எல்லாரையும் போகச் சொல்றாங்க. மெஷினத் தூக்கிட்டு எப்படிடா போவேன்?"

"நீ எங்கயும் போக வேணாம். நாளைக்கு நானே அதுக்குள்ள போறேன். காதப் பிடிச்சுத் திருகி வேற பக்கம் திருப்பி விட்டுட்டு வரேன்."

"நிஜமாவாடா?"

"நான் எப்பக்கா உங்கிட்டப் பொய் சொல்லிருக்கேன்?"

இந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் விடிய விடியப் பதில் கிடைத்திருக்கும். அக்காவிடம் கேட்டதால் தப்பித்தான். போனை வைத்ததும் சொன்னதை மறந்தும் போனான்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் சல்லடையில் விழுந்த தானியமாய்க் குலுங்கியது. உரலுக்குள் தலையை விட்ட பிறகு உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய? தரையில் குப்புறப் படுத்து, சிக்கிய விசையை ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டினான். குழல்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு இறங்கின. மருந்து முழுவதும் போய்ச் சேர்ந்தது. விமானம் இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று முட்டிக்கொண்டு போனது.

குலுக்கல் சட்டென்று நின்றது. வெயில் அடித்தது.

சவடால் எழுந்து ஜன்னலில் முகத்தை வைத்தான். சுற்றிலும் வெள்ளைச் சுவர். கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் முடியாத உயரம். எதிர்ச் சுவர் எங்கோ அடுத்த ஊர் தூரத்தில் இருந்தது. அத்தனை பெரிய சுவரும் ஓசை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. உச்சியில் வட்டமாக நீல வானம். கீழே கடல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளுத்துப் போய் எழுந்து, தன் மேல் தானே ஏறி விழுந்தது. நடுவில் ஒரு பறவைக் கூட்டம் வட்டமடித்தது. வெளியே போக வழி இல்லாததால் புயல் போகும் இடமெல்லாம் அவையும் போய்க்கொண்டிருந்தன.

அழகாக இருந்தது. அதுதான் அவனை உலுக்கிவிட்டது. ஊரை அழிக்கப் போகிற ஒன்று இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அதற்கு அவனைத் தெரியாது, அவன் போட்ட மருந்தைத் தெரியாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். அங்கே பொரி விழுந்த இடம்கூடத் தெரியவில்லை. அவன் கண்ணில் நீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

டாக்டரம்மா கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது ஆச்சாம்மா?" என்று கேட்டான்.

"காத்து கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு. ஆனா இது தானாவும் ஏறும், எறங்கும். நம்மாலயா, அதுவாவான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல."

"திரும்பிப் போயிடுமா?"

"திரும்பறதா? கொஞ்சம் வேகம் கொறையுமான்னு பாக்கத்தான் வந்தோம். திருப்பலாம்னு யாருப்பா சொன்னது?"

யார் சொன்னது என்று அவனுக்கு நினைவு வந்தது. டாக்டரம்மா வரைபடத்தில் விரல் வைத்து, சாயங்காலம் புயல் ஏறப் போகும் கரையைக் காட்டினார். அக்காவின் தெரு அவர் நகத்துக்கு அடியில் இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினான். விமானம் நின்றதும் நேரே பட்டறைப் போனுக்கு ஓடினான். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னடா ராசா, திருப்பிட்டியா?" என்றாள் அக்கா. "தெரு பூரா உன் பேச்சுதான். மைக் வண்டி வந்து கத்துச்சு. என் தம்பி உள்ள போயிருக்கான், நீ சும்மா கெடன்னு அனுப்பிட்டேன். ஒருத்தரும் கெளம்பல."

அவன் வாயைத் திறந்தான். அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. ஒரு கையில் போன். இன்னொரு கை பழக்கத்தில் பக்கவாட்டில் விரிந்தது. விரிந்த கையை அவனே பார்த்தான். அது தானாகக் கீழே இறங்கியது.

"அக்கா..."

"சொல்லுடா. டேய், இருக்கியா?"

"ரொம்பப் பெருசுக்கா."

அதற்கு மேல் மூச்சுதான் வந்தது. அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"சரி, வை" என்றாள் அக்கா. போன் வைக்கப்பட்டது.

கோபமா, நம்பவில்லையா, ஒன்றும் புரியவில்லை. மறுபடி அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை அடித்தபோது லைனே செத்துப் போயிருந்தது. பிறகு மழை, காற்று, இருட்டு. பட்டறை ஆட்கள் ஆறுதலாக எதையோ சொன்னார்கள். அவன் யாரிடமும் பேசவில்லை. அன்றுதான் அவர்களுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

காற்று ஓய்ந்ததும் ஒரு நிவாரண லாரியில் தொற்றிக்கொண்டு போனான். தெரு இருந்த இடத்தில் மணல் இருந்தது. தையல் கடை என்று அவன் நினைத்த இடத்தில், மெஷினின் இரும்புக் கால் மட்டும் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அக்கா அக்கா என்று சின்னப் பிள்ளையாக அழுதான். லாரிக்காரர் வந்து அவனைத் தூக்கி நிறுத்தி, மேட்டுப் பள்ளிக்கூடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே தெரு மொத்தமும் இருந்தது. அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து யாருடைய கிழிந்த சட்டையையோ கையால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடா. சாப்பிட்டியா?"

அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். "நீ கெளம்ப மாட்டேன்னு நெனச்சேன்க்கா. நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதனாலதான்டா கெளம்பினேன். நீ பொறந்ததுலேருந்து உன் வாய் அடைச்சு நான் பாத்ததே இல்ல. உன் வாயையே அடைக்குதுன்னா அது லேசுப்பட்டதா இருக்காதுன்னு தோணிச்சு. மெஷின விட்டுட்டு ஒவ்வொரு கதவா தட்டினேன். எம் பேச்சக் கேட்டுத்தான இருந்தாங்க, எம் பேச்சக் கேட்டே வந்தாங்க." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு ஊசியால் வாசலைக் காட்டினாள். "அங்க பாரு. தண்ணி கடைசிப் படி வரைக்கும் வந்துச்சு. இன்னும் ஒரு படி ஏறியிருந்தா புள்ளைங்கள எங்க வச்சுக்கறது? அங்கயே நின்னுருச்சு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் தம்பி போட்ட மருந்துதான்னு."

சுற்றி இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவன் ஆயுசு முழுக்க ஏங்கிய பார்வை அது. சவடால் வாசலுக்குப் போய், கடைசிப் படியில் ஈரம் நின்ற கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா" என்றான். "அது நாங்க இல்ல."

"பின்ன யாருடா?"

"அதுவா வந்துச்சு. அதுவா நின்னுச்சுக்கா."